புதுப்பிப்பு: அம்மாவின் அலமாரியைத் திறந்துவிட்டேன்

அம்மா இறந்த பிறகு அவர் அலமாரியைத் தொடவே மனம் வரவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். போன வாரம் திறந்துவிட்டேன்.

முதலில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போன் செய்து என்ன தேவை என்று கேட்டேன். நல்லவேளை கேட்டேன். உடுத்தும் துணி நிறைய இருக்கிறதாம், போர்வையும் ஸ்வெட்டரும்தான் வேண்டுமாம். துவைத்து, நன்றாகக் காயவைத்துக் கொடுத்தேன். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடித்துவிடும். ஒரு ஸ்வெட்டரின் பையில் நான்காக மடித்த துண்டுக் காகிதம். அம்மாவின் சாய்ந்த கையெழுத்தில் என் போன் நம்பர். தயவுசெய்து எல்லாப் பைகளிலும் கைவிட்டுப் பாருங்கள்.

அப்புறம், அவருடைய பழைய போன். படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, சிம்மைக் கழற்றி, ஃபேக்டரி ரீசெட் செய்து, அதாவது போனில் இருந்த எல்லாவற்றையும் அழித்த பிறகே கொடுத்தேன்.

மூக்குக்கண்ணாடி மட்டும் என்னிடமே இருக்கிறது. இப்போதைக்கு இருக்கட்டும்.