பிள்ளைகளின் விரல் கோணினால் இழுத்துவிடாதீர்கள் – மலேசியாவின் சுங்கை சிப்புட் அனுபவங்கள்

ஐந்தாம் ஆண்டுப் பையனின் அம்மா:
தமிழ்ப்பள்ளித் திடலில் பந்தைத் தடுக்கப் போய் மகனின் சுண்டுவிரல் வெளிப்பக்கமாகத் திரும்பிவிட்டது. "மூட்டு நழுவிருச்சும்மா, ஒரே இழுப்புல சரியாயிடும்" என்று உருவிவிடும் தாத்தா நல்ல மனசோடுதான் கையை நீட்டினார். வேண்டாம் தாத்தா என்று சொல்லிவிட்டு, அட்டைத் துண்டை அணைகொடுத்துக் கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

எக்ஸ்ரேயில் மூட்டு அதன் இடத்திலேயே இருந்தது. உடைந்தது விரலின் அடி எலும்பிலுள்ள வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளமாக வளரும் குருத்தெலும்புப் பகுதி. பிள்ளைகளுக்கு மூட்டைப் பிடித்திருக்கும் நாரைவிட அந்தக் குருத்தெலும்புதான் பலவீனம், அதனால் மூட்டு நழுவுவதற்கு முன்பே தட்டு உடைந்துவிடுமாம். டாக்டர் மெதுவாக விரல்களை மடக்கச் சொன்னார். சுண்டுவிரல் மோதிரவிரல்மேல் ஏறிக்கொண்டது! "கோணலை ஓரளவு வளர்ச்சியே சரிசெய்யும். இந்த முறுக்கலைச் சரிசெய்யாது" என்றார். மரத்துப்போக ஊசி போட்டு நேராக்கி, பக்கத்து விரலோடு சேர்த்து மாவுக்கட்டு போட்டார்கள். 3, 4 வாரமாகும். நடுவில் நகர்ந்துவிட்டதா என்று பார்க்க இன்னொரு எக்ஸ்ரே.

பழைய டிரெஸ்ஸர்:
நல்ல காரியம் செய்தாய், தங்கச்சி. தோட்டத்து மருந்தகத்தில் வேலை பார்த்தவன் நான். எனக்குப் பெரிய பயம் விரல்நுனி அடிதான். வேன் கதவில் நசுங்கியிருக்கும். நுனி மடங்கித் தொங்கும், நகத்தின் அடிப்பாகம் தோலுக்கு வெளியே வந்து கிடக்கும், ரத்தம் கொஞ்சம்தான். நகம் பெயர்ந்துவிட்டது என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிடுவார்கள். உள்ளே வளர்ச்சித் தட்டு உடைந்து, கிழிந்த நகத்தடிச் சதை அந்த இடுக்கில் சிக்கியிருக்கலாம். 1966-இல் இதை விவரித்த சீமோர் என்ற மருத்துவரின் பெயர்தான் இந்த முறிவுக்கு. அன்றைக்கே கழுவி, சதையை விடுவித்துத் தைத்து, ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். விட்டால் எலும்பில் சீழ் பிடிக்கும், நகம் கோணும், விரல் வளராமலும் போகலாம்.

இன்னொன்று, ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்தால் டாக்டர்களே தட்டை மறுபடி அசைக்கத் தயங்குவார்கள். அசைத்தால் வளர்ச்சி கெடும்.

கபடி அண்ணன்:
வளர்ந்தவன் எனக்கு நிஜமாகவே விரலின் நடுமூட்டு நழுவியது. அங்கேயும் எக்ஸ்ரே எடுத்த பிறகுதான் உள்ளே தள்ளினார்கள். பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டி, டாக்டர் சொன்ன நாளிலிருந்து வலியோடு மடக்கி நீட்டினேன். சும்மா வைத்திருந்தால் அந்த மூட்டு இறுகிவிடும். வீக்கம் வடிய மாசக்கணக்காகிவிட்டது. அக்கா, தம்பிக்குக் கட்டு எப்போது பிரிக்கிறார்கள்?