மாலையில் மட்டும் அறுந்த வைஃபை: கைப்பேசி இணைப்புச் சிக்கல்கள், நம் அனுபவங்கள்

தொடக்கப் பகிர்வு

கைப்பேசியில் வைஃபை இருந்தும் இணையம் வராத அனுபவம் நம்மில் பலருக்கு இருக்கும். எனக்கு நேர்ந்ததை முதலில் எழுதுகிறேன். உங்களுக்கு நேர்ந்தவற்றை எழுதும்போது, எப்படிச் சரியானது என்பதோடு நிறுத்தாமல், காரணம் என்னவென்று எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்பதையும் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள்.

ஏறக்குறைய மூன்று வாரங்கள், மாலை ஏழு மணிக்கு மேல் என் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இணையம் நின்று நின்று வந்தது. வைஃபை சின்னம் முழுமையாகவே தெரியும். ஆனால் பக்கங்கள் பாதி திறந்து அப்படியே நின்றுவிடும். காலையில் எழுந்து பார்த்தால் எந்தக் குறையும் இருக்காது. மாலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்துவதால் நெரிசல் ஏற்படுகிறது என்று நம்பி, கைப்பேசியையும் ரவுட்டரையும் மாறி மாறி அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த எண்ணம் தவறு என்று எனக்குக் காட்டியது என் மகளின் மடிக்கணினிதான். அதே அறையில், அதே ரவுட்டரில், அதே நேரத்தில் அவளுடைய காணொளி வகுப்பு தடையின்றி நடந்துகொண்டிருந்தது. வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் இணைப்பில் குறை இருந்திருந்தால் அவளுக்கும் அறுந்திருக்க வேண்டும். ஆகவே, சிக்கல் என் கைப்பேசிக்கும் ரவுட்டருக்கும் இடையில்தான் இருக்கிறது என்பது அன்றே உறுதியாயிற்று. இந்த ஒரு சோதனையை முதல் நாளே செய்திருக்க வேண்டும் என்று இன்றும் வருந்துகிறேன்.

அமைப்புகளுக்குச் சென்று, இணைந்திருக்கும் வைஃபையின் பெயரைத் தொட்டு, அதன் விவரப் பக்கத்தைத் திறந்தேன். ஐபி அமைப்பு (நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் முகவரிக்கான அமைப்பு) என்ற இடத்தில், ரவுட்டரே முகவரி வழங்கும் முறையான டிஎச்சிபி என்று இருக்க வேண்டியதற்குப் பதிலாக ‘நிலையானது’ என்றும், முகவரி 192.168.1.25 என்றும் இருந்தன. பார்த்தவுடன் நினைவு வந்தது. கணினியிலிருந்து கைப்பேசிக்குக் கோப்புகளை அனுப்புவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று, இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானே அந்த எண்ணை எழுதி வைத்திருந்தேன்.

அடுத்துச் செய்ததுதான் எனக்கு மிகவும் பயன்பட்ட சோதனை. கைப்பேசியின் வைஃபையை முழுவதுமாக அணைத்துவிட்டு, மடிக்கணினியிலிருந்து அதே முகவரிக்கு, அங்கே கருவி ஏதும் இருந்தால் பதில் தரச் சொல்லும் பிங் கட்டளையை அனுப்பினேன். வைஃபை அணைந்த கைப்பேசி பதில் அனுப்ப வழியே இல்லை. ஆனாலும் பதில் வந்தது. வீட்டில் வேறொரு கருவி என் கைப்பேசியின் முகவரியைத் தனதாக வைத்திருந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தபோது, அந்த முகவரிக்கு நேரே எங்கள் புதிய தொலைக்காட்சியின் பெயர் இருந்தது.

நடந்தது இதுதான். டிஎச்சிபி என்பது, வந்து சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் ஒரு முகவரியைத் தன் இருப்பிலிருந்து குறிப்பிட்ட காலத்துக்கு வழங்கும் ஏற்பாடு. நான் கையால் எழுதி வைத்த எண்ணை ரவுட்டரிடம் கேட்டுப் பெறவில்லை என்பதால், அது எடுக்கப்பட்டுவிட்டது என்பது ரவுட்டரின் கணக்கில் இல்லை. தொலைக்காட்சி முதன்முதலில் இணைக்கப்பட்ட பகல் வேளையில் நானும் என் கைப்பேசியும் அலுவலகத்தில் இருந்தோம். 25 என்ற எண் காலியாக இருப்பதாகக் கருதி ரவுட்டர் அதைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்துவிட்டது. அதன்பின் தொலைக்காட்சி ஓடும் மாலை நேரங்களில் எல்லாம், எனக்கு வர வேண்டிய தரவு சில சமயம் எனக்கும் சில சமயம் அதற்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. கைப்பேசியை மீண்டும் டிஎச்சிபிக்கு மாற்றிய நொடியே சிக்கல் தீர்ந்தது. நிலையான முகவரி உண்மையாகவே தேவைப்படுபவர்கள், கைப்பேசியில் எழுதுவதை விட்டுவிட்டு, ரவுட்டரில் அந்தக் கருவிக்கென முகவரியை ஒதுக்கி வைப்பதே பாதுகாப்பானது.

இரண்டாவது பகிர்வு

மிகவும் பயனுள்ள விளக்கம், நன்றி. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: நீங்கள் முதல் நாளே ‘இந்த நெட்வொர்க்கை மறந்துவிடு’ என்பதை அழுத்திவிட்டு மீண்டும் கடவுச்சொல்லைக் கொடுத்திருந்தால், பழைய நிலையான முகவரியும் அழிந்து, ஒரே நிமிடத்தில் எல்லாம் சரியாகியிருக்கும். நான் எப்போதும் அதைத்தான் முதலில் செய்கிறேன், பெரும்பாலும் பலிக்கிறது. ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றிய பிறகு, பழைய கடவுச்சொல்லையே கைப்பேசி திரும்பத் திரும்ப அனுப்பித் தோற்றுக்கொண்டிருக்கும் சிக்கலுக்கும் இதுவே மருந்து.

மூன்றாவது பகிர்வு

மேலே சொல்லப்பட்ட அதே மருந்துதான் என் இணைப்பை முழுவதுமாக முறித்தது என்பதால், அதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

என் கைப்பேசியில் வேகம்தான் குறைந்திருந்தது, இணைப்பு இருந்தது. அதைச் சரிசெய்ய எண்ணி ‘மறந்துவிடு’ என்பதை அழுத்தினேன். அதன்பின் சரியான கடவுச்சொல்லை எத்தனை முறை கொடுத்தும் இணைப்பே கிடைக்கவில்லை. எழுத்துப் பிழையாக இருக்கும் என்று எண்ணி ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்த்தேன். வீட்டிலிருந்த மற்ற கருவிகள் யாவும் அதே கடவுச்சொல்லில் இயங்கின.

காரணம் மேக் முகவரியில் இருந்தது. ஒவ்வொரு கருவியின் வைஃபை பகுதிக்கும் தயாரிப்பின்போதே ஓர் அடையாள எண் கொடுக்கப்படுகிறது. அதுவே மேக் முகவரி. எங்கள் ரவுட்டரை அமைத்துக் கொடுத்தவர், பட்டியலில் உள்ள மேக் முகவரிகளை மட்டும் அனுமதிக்கும்படி வைத்திருந்தார். ஆனால் 2019இல் வெளியான ஆண்ட்ராய்டு 10 முதலாகவும், 2020இல் வெளியான, ஐஃபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 14 முதலாகவும், நம்மைப் பிறர் பின்தொடர்வதைத் தடுப்பதற்காக, கைப்பேசிகள் தம் உண்மையான எண்ணை மறைத்து, ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் புதிதாக உருவாக்கிய ஓர் எண்ணைக் காட்டுகின்றன. என் கைப்பேசியில் வீட்டு வைஃபைக்கு மட்டும் உண்மையான எண்ணைப் பயன்படுத்தும்படி அவர் தேர்வு செய்திருந்தார். நான் ‘மறந்துவிடு’ என்றதும் அந்தத் தேர்வும் அழிந்தது. கைப்பேசி முன்பின் தெரியாத எண்ணுடன் போய் நின்றது. ரவுட்டர் கதவைத் திறக்கவில்லை. விவரப் பக்கத்தில் தனியுரிமை என்ற இடத்தில் ‘கருவியின் மேக் முகவரியைப் பயன்படுத்து’ என்று மாற்றியவுடன் இணைப்பு வந்தது. ஐஃபோனில் இதற்கு ஒப்பான அமைப்பு ‘தனிப்பட்ட வைஃபை முகவரி’ என்ற பெயரில் இருக்கிறது.

ஆகவே ‘மறந்துவிடு’ என்பதை அழுத்துவதற்கு முன், விவரப் பக்கத்தை ஒரு முறை திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். ‘நெட்வொர்க் அமைப்புகளை மீட்டமை’ என்பது இன்னும் பெரிய அழிப்பு. அது சேமித்து வைத்த எல்லா வைஃபை கடவுச்சொற்களையும் நீக்கிவிடும். ஆண்ட்ராய்டில் புளூடூத் இணைப்புகளும் கூடப் போய்விடும்.

நான்காவது பகிர்வு

என் அனுபவம் மிகச் சிறியது. வெளியூரில் தனியாக இருக்கும் அம்மா, எந்தப் பக்கமும் திறக்கவில்லை, ‘உங்கள் இணைப்பு தனிப்பட்டதல்ல’ என்றே எல்லா இடத்திலும் வருகிறது என்று தொலைபேசியில் சொன்னார். ரவுட்டரைப் பலமுறை அணைத்துப் போடச் சொன்னேன். வயதானவரை வீணாக நடக்க வைத்தேன். பிறகு அவர் தற்செயலாக, “கைப்பேசியில் தேதியும் தப்பாகத்தான் காட்டுகிறது, கண்ணு” என்றார். பாதுகாப்பான இணையதளங்கள் ஒவ்வொன்றும் தொடக்க நாளும் முடிவு நாளும் குறிக்கப்பட்ட சான்றிதழை வைத்திருக்கின்றன. கைப்பேசியின் தேதி அந்த இடைவெளிக்கு வெளியே இருந்தால், நல்ல சான்றிதழையும் அது ஏற்காது. தானியங்கித் தேதி, நேரம் என்பதை இயக்கியதும் எல்லாம் திறந்தன. அதன்பின் யார் என்னிடம் கேட்டாலும், திரையில் வரும் செய்தியைச் சொல் மாறாமல் படிக்கச் சொல்லிவிட்டே பேசத் தொடங்குகிறேன்.

ஐந்தாவது பகிர்வு

அமைப்புகள் அனைத்தும் சரியாக இருந்தும் இணைப்பு அறுவதுண்டு. எங்கள் வீட்டில் ரவுட்டர் கூடத்தில் இருக்கிறது. சமையலறையில் நின்று காணொளி அழைப்பில் பேசும்போது மட்டும், அதுவும் சில நிமிடங்களுக்கு மட்டும், குரல் துண்டு துண்டாக வரும். நாள்கணக்கில் கவனித்த பிறகே, மைக்ரோவேவ் அடுப்பு ஓடும் நேரமும் அந்த நிமிடங்களும் ஒன்றே என்று தெரிந்தது. அந்த அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ் அளவில் இயங்குகிறது. வைஃபையின் பழைய அலைவரிசையும் 2.4 கிகாஹெர்ட்ஸ்தான், புளூடூத்தும் அங்கேயே இருக்கிறது. அடுப்பிலிருந்து கசியும் மிகச் சிறிய அளவு ஆற்றலே கைப்பேசியின் மெல்லிய சிக்னலைக் குலைக்கப் போதுமானது.

ரவுட்டரில் 2.4, 5 ஆகிய இரண்டு அலைவரிசைகளுக்கும் தனித்தனிப் பெயர் கொடுத்து, கைப்பேசியை 5 கிகாஹெர்ட்ஸில் இணைத்தேன். அடுப்பின் தொல்லை நின்றது. ஆனால் 5 கிகாஹெர்ட்ஸ் சுவர்களைக் கடப்பதில் வலுவற்றது. கடைசி அறைக்குச் சென்றால் 2.4க்குத்தான் திரும்ப வேண்டியிருக்கிறது. அங்கே அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் நெரிசல் இருந்தால், அந்த அலைவரிசையின் உட்பிரிவுகளான சேனல்களில் ஒன்றோடொன்று மோதாத 1, 6, 11 ஆகியவற்றில் காலியாக இருப்பதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இன்னொன்று: ரவுட்டரை அணைத்துப் போட்டவுடன் 5 கிகாஹெர்ட்ஸ் பெயர் பட்டியலில் தெரியவில்லை என்றால் உடனே பதற வேண்டாம். அந்த அலைவரிசையின் சில சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துவதால், அவற்றில் ஒலிபரப்பும் முன் ரவுட்டர் குறைந்தது 60 நொடிகள் கேட்டுப் பார்த்தாக வேண்டும் என்பது விதி.

தொடங்கியவரின் மறுமொழி

எழுதிய அனைவருக்கும் நன்றி. இரண்டாவது பகிர்வில் சொன்னது உண்மைதான். ‘மறந்துவிடு’ என்று அழுத்தியிருந்தால் எனக்கு ஒரே நிமிடத்தில் சரியாகியிருக்கும். ஆனால் காரணம் தெரியாமலேயே தீர்ந்திருக்கும். அடுத்த முறை கோப்பு அனுப்பும் தேவை வந்தபோது அதே எண்ணை மறுபடியும் எழுதியிருப்பேன். மூன்றாவது பகிர்வைப் படித்த பிறகு, விவரப் பக்கத்தைப் பார்க்காமல் எதையும் அழிக்கக்கூடாது என்ற எண்ணம் எனக்கு இன்னும் உறுதியாகிறது. அந்தப் பக்கத்தில் முகவரியின் முதல் எண்களே நிறையச் சொல்லிவிடும். என் தம்பியின் ஐஃபோனில் சென்ற வாரம் 169.254 என்று தொடங்கும் முகவரி தெரிந்தது. ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காதபோது கருவி தனக்குத்தானே சூட்டிக்கொள்ளும் எண் அது. அதை வைத்துக்கொண்டு இணையத்துக்குப் போக முடியாது. கைப்பேசியை விட்டுவிட்டு நேரே ரவுட்டரைப் பார்த்தோம். ஒரே நேரத்தில் வழங்கக்கூடிய முகவரிகளின் எண்ணிக்கையை யாரோ பத்து என்று குறைத்து வைத்திருந்தார்கள். தம்பி பதினொன்றாவதாக இணைந்தவர். அதை ஐம்பதாக உயர்த்தி, அவருடைய வைஃபையை ஒரு முறை அணைத்துப் போட்டோம். முகவரி 192.168 என்று மாறியது, இணையமும் வந்தது.