புதுப்பிப்பு: நிலாவெளி மணலில் பார்த்த ஊதாப் பூ ஓரிதழ்த்தாமரைதான்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. திருகோணமலைக்குப் பக்கத்துக் கடற்கரையான நிலாவெளியில் பற்றைகளுக்கு இடையே தாழப் படர்ந்திருந்த ஊதாப் பூச்செடி எது என்று கேட்டிருந்தேன். ஓரிதழ்த்தாமரை; வயலட் என்னும் பூச்செடிகளின் குடும்பமேதான். சிலர் சொன்ன விஷ்ணுகிரந்தி பொருந்தவில்லை. அதன் பூ நீலம், சுற்றிவர ஒரே அளவு.

பூவைப் பிரித்துப் பார்க்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது. ஒற்றை இதழ் போலத்தான் தெரியும். ஆனால் கீழே விரிந்த அந்தப் பெரிய இதழுக்கு மேலே நான்கு குட்டி இதழ்கள் ஒதுங்கியிருந்தன.

நான் எதிர்பாராதது காய். முற்றினதும் மூன்றாகப் பிளந்து ஓடம் மாதிரி விரிகிறது, உள்ளே வரி ஓடிய வெளிர் விதைகள். அப்புறம், பூ இல்லாத நேரம் தேடுபவர்கள் இந்தக் காயையும், காம்பே இல்லாதது போன்ற ஒடுங்கிய இலையையும் பாருங்கள்.