கே2 கலந்த டி3 மாத்திரை: வார்ஃபரின் சாப்பிடும் அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

திண்ணைவாசி:
எலும்பு அடர்த்தி குறைவு என்று எனக்கு வைட்டமின் டி3 எழுதிக் கொடுத்தார்கள். வாங்கிய டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் வைட்டமின் கே2 (எம்கே-7 என்ற வகை), 90 மைக்ரோகிராம் என்றும் இருக்கிறது. கால்சியத்தை ரத்தக்குழாயில் படியவிடாதாம். அதைப் படித்ததிலிருந்து அப்பா "எனக்கும் ஒன்று கொடு" என்று விடாமல் கேட்கிறார். அவருக்கு இதயத்தில் உலோக வால்வு, ரத்தம் கட்டாமலிருக்க தினமும் இரவு வார்ஃபரின். சத்து மாத்திரைதானே, கொடுக்கலாமா?

கவுன்டர்காரன்:
கொடுக்காதீர்கள். மருந்துக் கடையில் நிற்பவன் சொல்கிறேன்: சத்து மாத்திரை வாங்க வருகிறவர்கள் வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார்கள் என்று சொல்வதே இல்லை, நாங்களாகக் கேட்டால்தான் உண்டு.

ரத்தம் உறைய வைக்கும் 2, 7, 9, 10 ஆம் காரணிகளை ஈரல் தயார் செய்ய வைட்டமின் கே வேண்டும். ஒருமுறை பயன்பட்ட கேவை உடம்பு புதுப்பித்துத் திரும்பவும் எடுத்துக்கொள்ளும். வார்ஃபரின் கை வைப்பது அந்தப் புதுப்பித்தலில்தான். வெளியிலிருந்து கே வந்து சேர்ந்தால் வார்ஃபரின் வலு குறையும், ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை அளவு) இறங்கும், வால்வில் ரத்தம் கட்டலாம்.

திண்ணைவாசி:
காலையில் கே2, இரவில் வார்ஃபரின் என்று பிரித்துக் கொடுத்தால்?

கவுன்டர்காரன்:
பலிக்காது. எம்கே-7 ரத்தத்தில் நாள்கணக்கில் தங்கும். கீரையில் இருக்கும் கே1ஐவிடக் குறைந்த அளவிலேயே ஐஎன்ஆரை அசைத்துவிடும். ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டார் என்றால் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லி ஐஎன்ஆர் பாருங்கள்.

நீங்கள் வார்ஃபரின் சாப்பிடவில்லை என்றால் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் சாப்பாட்டோடு. கொழுப்பில் கரையும் சரக்கு, வெறும் வயிற்றில் சரியாக ஏறாது. டப்பாவில் போட்டிருக்கும் வாசகத்தை மட்டும் அப்படியே நம்பிவிட வேண்டாம். எலும்பிலும் ரத்தக்குழாயிலும் சில புரதங்களுக்கு கே தேவை என்பது உண்மை. மாத்திரை சாப்பிட்டால் மாரடைப்பு குறையும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை.

வால்வு மாமா:
நானும் உலோக வால்வுக்காரன்தான். இதைப் படித்துவிட்டு அப்பா தட்டிலிருந்து கீரையைப் பிடுங்கிவிடாதீர்கள் தம்பி! ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு மறு வாரம் அடியோடு விடுவதுதான் வம்பு. அளவு ஏறக்குறைய ஒரே சீராக இருந்தால் அதற்கேற்ப டோஸ் வைப்பார்கள்.

அப்புறம், ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரினுக்குப் பதில் அபிக்சபான், ரிவரோக்சபான் சாப்பிடுகிறவர்கள் "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று இங்கே வந்து சொல்வார்கள். அந்த மருந்துகள் கே வழியில் வேலை செய்வதில்லை. உலோக வால்வுக்கு அவற்றைக் கொடுப்பதுமில்லை.