புதுப்பிப்பு: அப்பாவுக்கு வந்திருப்பது முதுகெலும்புக் காசநோய்
அப்பாவின் எம்.ஆர்.ஐ. படத்தில் முதுகெலும்பில் மூன்று இடங்கள் சிதைந்திருப்பதாகவும், வேறெங்கிருந்தோ பரவிய புற்றுநோயாக இருக்கலாம் என்று மருத்துவர்கள் ஐயப்படுவதாகவும் முன்பு எழுதியிருந்தேன். திசுப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது: காசநோய்தான்.

எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் சேதமடையாமல் இருந்ததே புற்றுநோய் என்ற ஐயத்தை வலுப்படுத்தியது. காசநோய் பெரும்பாலும் வட்டையும் சேர்த்தே அரிக்கும் என்றாலும், சிலருக்கு அதை விட்டுவைக்கிறது. நோய் தீவிரமாக உள்ள இடங்களை ஒளிரச் செய்து காட்டும் பெட் ஸ்கேனில் இரண்டு நோய்களுமே ஒளிரக்கூடும் என்பதால் அதை வைத்தும் முடிவுக்கு வர இயலவில்லை. சி.டி. உதவியுடன் ஊசியால் எடுத்த திசுவில் ஒரு பகுதியை மட்டும் ஃபார்மலினில் (திசுவைக் கெடாமல் காக்கும், ஆனால் கிருமியைக் கொன்றுவிடும் திரவம்) இட்டு, மீதியை உப்புநீரில் ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும் (காசநோய்க் கிருமியின் மரபணுவைக் கண்டறியும் சோதனை) கல்ச்சருக்கும் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்பினார்கள். முழுவதையும் ஃபார்மலினில் போட்டிருந்தால் கிருமியை வளர்த்துப் பார்க்க வழியே இருந்திருக்காது. ஆகவே, பயாப்சிக்கு (திசு எடுப்பதற்கு) முன்பே, ஒரு பகுதியை ஃபார்மலினில் இடாமல் அனுப்புவார்களா என்று கேட்டுவிடுங்கள். காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படும் என்று தெரிந்தது பெரிய ஆறுதல். குறைந்தது 12 மாதம் மருந்து உட்கொள்ள வேண்டும்.