மறு: ‘ஹேவ் பீன் வெயிட்டிங்’ காலத்துக்குப் பெயர் — ‘இதுவரைத்தொடர்ச்சி’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

‘பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ்’ என்பதற்குத் தமிழில் ஒரு நல்ல பெயர் வேண்டும் என்று ஏறாவூர் டீச்சர் கேட்டதிலிருந்து இந்த இழை நீண்டுகொண்டே போகிறது. எல்லா மடல்களையும் வாசித்தேன். என் பங்குக்கு ஒரு சொல்லை முன்வைக்கிறேன். அதற்கு முன் வந்த கருத்துகளுக்குப் பதில்.

> ‘நிகழ்கால வினைமுற்றுத் தொடர்’ என்று டியூட்டரி நோட்ஸில் எல்லாம் இருக்கிறது. பிள்ளைகளுக்கும் பழகிவிட்டது. ஏன் புதிதாக ஒன்று?

பழகிவிட்டது உண்மைதான். ஆனால் அதே பிள்ளை அடுத்த பாடவேளைக்குத் தமிழ் இலக்கணம் படிக்கிறது. அங்கே ‘வினைமுற்றுத் தொடர்’ என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. தொகாநிலைத் தொடர்கள் ஒன்பதில் அதுவும் ஒன்று. ‘வந்தான் கண்ணன்’ என்று உதாரணமும் கொடுப்பார்கள். அங்கே ‘தொடர்’ என்றால் சொற்கள் ஒன்றையடுத்து ஒன்று நிற்பது. வேலை விடாமல் நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ‘முற்று’ இன்னும் சிக்கல். தமிழில் வினைமுற்று என்றால் எச்சமாக நிற்காமல் பொருள் நிரம்பி நிற்கும் வினை. ‘வருவான்’ என்பதும் முற்றுத்தான், ஆனால் ஆள் இன்னும் வீட்டிலிருந்தே வெளிக்கிடவில்லை! ஒரே சொல்லுக்கு எட்டு மணிப் பாடத்தில் ஒரு பொருள், ஒன்பது மணிப் பாடத்தில் வேறு பொருள் என்றால் பிள்ளை எதைப் பிடிப்பது?

இந்த ‘முற்று’ எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்த கதை. ‘பெர்ஃபெக்ட்’ என்பது லத்தீன் இலக்கணத்திலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்த பெயர்; ‘செய்து முடிக்கப்பட்டது’ என்பது அதன் மூலப்பொருள். லத்தீனுக்கு அது பொருந்தியது. ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் பீன் வெயிட்டிங்’ என்கிறவர் காத்திருந்து முடிக்கவில்லை, இன்னும் காத்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆங்கிலக்காரரே பழைய சட்டையைப் புது உடம்புக்குப் போட்டுவிட்டிருக்கும்போது நாம் அந்தச் சட்டையைப் போய் மொழிபெயர்ப்பானேன்?

> நம் பிள்ளைகள் ‘ஐ ஆம் வெயிட்டிங் ஃபோர் டூ அவர்ஸ்’ என்றுதான் எழுதுகிறார்கள். எத்தனை தரம் திருத்தினாலும் அதே பிழை.

பெயர் வைப்பதற்கு முன் இதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்க வேண்டும். கல்முனை பஸ் நிலையத்தில் நிற்கிறவர் தமிழில் என்ன சொல்வார்? ‘ரெண்டு மணித்தியாலமாக் காத்துக்கொண்டு நிக்கிறன்.’ வினை நிகழ்காலத்திலேயே இருக்கிறது. எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் என்ற பாரம் முழுவதையும் ‘ஆக’ என்ற ஒட்டு சுமக்கிறது. ‘ரெண்டு மணியிலிருந்து’ என்றாலும் அப்படியே. பாரத்தை ‘இலிருந்து’ சுமக்கும், வினை மாறாது. ஆங்கிலமோ ‘ஃபோர்’, ‘சின்ஸ்’ இரண்டையும் போட்டுவிட்டு, வினையையும் மாற்று என்கிறது. ஆக, பிள்ளை தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகப் பின்பற்றித்தான் ‘ஐ ஆம் வெயிட்டிங்’ என்று எழுதுகிறது. ஜெர்மன், பிரெஞ்சு பேசுகிறவர்களும் இந்த இடத்தில் சாதாரண நிகழ்காலத்தைத்தான் போடுவார்கள். ஆங்கிலம் படிக்கும்போது அவர்களும் இங்கேயே வழுக்குகிறார்கள். ஆகவே நாம் வைக்கும் பெயர், தமிழ் வினை காட்டாத அந்த ஒன்றைக் காட்ட வேண்டும். நேரம் ஒரு இடத்தில் புறப்பட்டு இந்தக் கணத்தை வந்து தொடுகிறது என்பதுதான் அது.

> ‘நீள்நிகழ்காலம்’ எப்படி? சின்னச் சொல், வாயிலும் நிற்கும்.

சம்மாந்துறை காக்கா, சொல் அழகாக இருக்கிறது. முதலில் நானும் இதற்கே கை தூக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இந்தக் காலத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. கையெல்லாம் கிறீஸோடு ஒருவர் வருகிறார். ஏன் இப்படி என்று கேட்டால், ‘ஐ ஹேவ் பீன் ரிப்பேரிங் த பைசிக்கிள்’ என்கிறார். சைக்கிள் வேலை முடிந்துவிட்டது, அல்லது பாதியில் விட்டுவிட்டார். எப்படியோ, இந்த நிமிடம் அவர் அதைச் செய்யவில்லை. அப்படியானால் நிகழ்காலம் எங்கே நீள்கிறது? வேலை சற்று முன் வரைக்கும் ஓடியிருக்கிறது, அதன் அழுக்கு மட்டும் இப்போது கையில் இருக்கிறது. ‘நீள்நிகழ்காலம்’ என்று படித்த பிள்ளை இந்த வாக்கியத்தைப் பார்த்தால், அவர் இன்னும் சைக்கிளைக் கழற்றிக்கொண்டிருக்கிறார் என்றே நினைக்கும்.

இதோடு ஒட்டி ‘செய்திருக்கிறான்’ என்ற நம் வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பலர் அதை ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட்’டுக்கு நேர் என்கிறார்கள். பல இடங்களில் பொருந்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் மாரி காலத்தில் காலையில் கதவைத் திறந்து, முற்றம் நனைந்து கிடப்பதைப் பார்த்து, ‘இரவு மழை பெய்திருக்கு’ என்கிறோமே, அந்த ‘இரு’ என்ன சொல்கிறது? ‘நான் பார்க்கவில்லை, தடயம் இருக்கிறது’ என்கிறது. ஆங்கிலக்காரர் ‘இட் ஹேஸ் பீன் ரெயினிங்’ என்று, நனைந்த தரையைப் பார்த்தும் சொல்வார், மழைக்குள் குடையோடு நின்றுகொண்டும் சொல்வார். குடையோடு நிற்கிறவர் தமிழில் ‘மழை பெய்திருக்கு’ என்றால் பக்கத்தில் நிற்கிறவர் சிரிப்பார். அங்கே ‘பெய்துகொண்டே இருக்கு’ என்றுதான் வரும். ஒரு ஆங்கில வடிவத்துக்குத் தமிழில் ஒரே வடிவத்தைத் தேடிப் பயனில்லை. பெயரைத்தான் தேடுகிறோம், மொழிபெயர்ப்பை அல்ல.

> நன்னூலில் நிகழ்கால இடைநிலையாக ‘ஆநின்று’ இருக்கிறது. அதை உயிர்ப்பித்து ‘நின்றகாலம்’ என்றால் என்ன?

வந்தாறுமூலையிலிருந்து எழுதிய தம்பிக்கு ஒரு சபாஷ். இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த மடல் இதுதான். நன்னூல் ஆநின்று, கின்று, கிறு என்று மூன்று சொல்கிறது. ‘உண்ணாநின்றான்’ என்பதை உரையில் பார்த்தால் வேற்றுமொழி போல இருக்கும். ஆனால் அதற்குள் இருக்கும் ‘நில்’ நம் வாயில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘காத்துக்கொண்டு நிக்கிறன்’, ‘பிள்ளை அழுதுகொண்டு நிக்குது’, ‘அவர் இப்ப கொழும்பில நிக்கிறார்’ என்கிறோம். கடைசி ஆள் கொழும்பில் கதிரையில் உட்கார்ந்திருந்தாலும் ‘நிக்கிறார்’தான். ஒரு நிலையில் இருந்துகொண்டிருப்பதை ‘நில்’லால் காட்டும் பழக்கம் இது.

இருந்தாலும் இரண்டு தடை. ‘ஆநின்று’ வெறும் நிகழ்காலத்தைத்தான் காட்டும், எப்போதிருந்து என்பதைக் காட்டாது. சாதாரண ‘கன்டினியுவஸ்’ஸுக்கு வேண்டுமானால் அதை யோசிக்கலாம். மற்றது, ‘நின்றகாலம்’ என்று கேட்டதும் எவருக்கும் தோன்றுவது நின்றுபோன காலம். பஸ் நின்றது, மழை நின்றது, மாதச் சம்பளம் நின்றது. ஓடிக்கொண்டிருப்பதற்கு அந்தப் பெயர் வைத்தால் வகுப்பில் பகிடிதான் மிஞ்சும்.

> விபுலாநந்த அடிகள் பிறந்த மண்ணிலிருந்துகொண்டு ஆங்கிலப் பெயரையே தமிழில் எழுதி வைப்பதா?

1936ல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குக் காரைதீவில் பிறந்த அடிகளே தலைமை தாங்கினார் என்பது நமக்குப் பெருமைதான். ஆனால் அவர் பெயரைச் சொல்லி எந்தச் சொல்லையும் ஜெயிக்க வைக்க முடியாது. ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ்’ என்றே சொல்லிக் கொடுக்கிற ஆசிரியர்களும் பிழை செய்யவில்லை. வினாத்தாள் ஆங்கிலத்தில்தான் வருகிறது. தமிழ்ப் பெயர் அதன் பக்கத்தில் நின்று, அது என்ன செய்கிறது என்று பிள்ளைக்கு விளக்கினால் போதும்.

சரி, என் முன்மொழிவு: இதுவரைத்தொடர்ச்சி.

‘தொடர்’ என்று விடாமல் ‘தொடர்ச்சி’ என்றதால் சொற்றொடரோடு மோதாது. ‘முற்று’ இல்லை. ‘இதுவரை’ என்பது இந்தக் கணம் எல்லை என்கிறது. பஸ்ஸுக்கு நிற்கிறவருக்கும் பொருந்துகிறது, கிறீஸ் கைக்காரருக்கும் பொருந்துகிறது, ஏனென்றால் எல்லைக்கு அப்பால் என்ன நடக்கும் என்று அது எதுவும் சொல்லவில்லை. எனக்கு இதில் பெரிய லாபமாகப் படுவது, அடுத்த வீட்டுக்காரருக்கும் இதிலேயே பெயர் கிடைப்பதுதான். ‘ஹேட் பீன் வெயிட்டிங்’ என்பது ‘அதுவரைத்தொடர்ச்சி’. பஸ் வந்தபோது அவர் இரண்டு மணித்தியாலமாகக் காத்துக்கொண்டிருந்தார் என்றால், எல்லை இன்றில்லை, பஸ் வந்த அந்த நேரம். சுட்டெழுத்தை மாற்றினால் காலம் மாறிவிடுகிறது. தர்க்கவியலாளர் ஹான்ஸ் ரைக்கன்பாக் 1947ல் காலங்களைப் பேசும் நேரம், நிகழ்வு நேரம், நோக்கும் நேரம் என்று மூன்று புள்ளிகளால் விளக்கினார். அவருடைய மூன்றாவது புள்ளியை நம் இகரமும் அகரமும் சும்மா கைநீட்டிக் காட்டிவிடுகின்றன.

எனக்கே தெரிகிற குறையையும் சொல்லிவிடுகிறேன். ‘இதுவரை’யைச் சாதாரண ‘பிரசன்ட் பெர்ஃபெக்ட்’டுக்கும் இழுக்க முடியாது. ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’ என்பதில் திறப்பு இதுவரை தொலைந்துகொண்டிருக்கவில்லை, தொலைந்தே போய்விட்டது. அங்கே முக்கியம் விளைவு. அதற்கு வேறு சொல், வேறு இழை.

ஆனால் இரண்டுக்கும் உள்ள எல்லைக்கோட்டை வகுப்பில் காட்ட இந்தப் பெயர் உதவும் என்று நினைக்கிறேன். வட்டையில் அறுவடை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘வீ ஹேவ் பீன் ஹார்வெஸ்டிங் சின்ஸ் மண்டே’ என்றால் வேலை ஓடுவதைச் சொல்கிறோம். ‘வீ ஹேவ் ஹார்வெஸ்டட் ஃபைவ் ஏக்கர்ஸ்’ என்றால் கணக்குச் சொல்கிறோம். எத்தனை ஏக்கர், எத்தனை மூடை என்று எண்ணிக்கை வந்துவிட்டால் ‘இங்’ பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும். ‘தொடர்ச்சி’யை எண்ண முடியுமா என்று கேட்டாலே பிள்ளைக்கு விளங்கிவிடும்.

‘நோ’, ‘லைக்’, ‘பிலீவ்’ மாதிரி நிலையைச் சொல்லும் வினைகளும் இப்படித்தான் ஒதுங்கும். சின்ன வயதிலிருந்து ஒருவரைத் தெரியும் என்பதற்கு ‘ஐ ஹேவ் பீன் நோயிங் ஹிம்’ என்று எழுதினால் சோதனையில் பிழை. ‘ஐ ஹேவ் நோன் ஹிம்’ என்றுதான் வரவேண்டும். தமிழிலும் ‘அவரைத் தெரிந்துகொண்டிருக்கிறேன்’ என்று இந்தப் பொருளில் யாரும் சொல்வதில்லை, ‘தெரியும்’தான். இந்த ஒரு இடத்தில் இரண்டு மொழியும் ஒத்துப்போகின்றன. டீச்சர்மார் இதை விட்டுவிட வேண்டாம்.

அட்டவணையில் வரி இப்படி இருக்கட்டும் என்பது என் யோசனை:

இதுவரைத்தொடர்ச்சி — முன்பு தொடங்கி இந்த நேரம் வரையோ சற்று முன் வரையோ ஓடிய வினையைக் காட்டும் ஆங்கிலக் காலம். வடிவம்: ஹேவ் அல்லது ஹேஸ், பீன், ‘இங்’ வினை. நெருங்கிய தமிழ்: ‘இரண்டு மணித்தியாலமாகக் காத்துக்கொண்டிருக்கிறேன்’.

மறுப்பு இருந்தால் அடுத்த கிழமைக்குள் எழுதுங்கள். ‘நீள்நிகழ்காலம்’தான் வேண்டும் என்கிறவர்கள் கிறீஸ் கை வாக்கியத்துக்கு ஒரு வழி சொல்லிவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.

அன்புடன்,
கல்லடியிலிருந்து

பி.கு.: ‘வரை’க்குப் பின் ஒற்று மிகுமா என்று இருவர் தனிமடலில் கேட்டிருக்கிறீர்கள். ‘இதுவரை தொடர்ந்தது’ என்று வாக்கியத்தில் எழுதும்போது நானும் ஒற்றுப் போடுவதில்லை. இங்கே இரண்டும் சேர்ந்து ஒரே பெயராகிவிட்டதால் சேர்த்து, ஒற்றோடு எழுதினேன். இதில் சண்டை பிடிக்க விருப்பமுள்ளவர்கள் தயவுசெய்து தனி இழை தொடங்குங்கள்.