மத்தியான மணி அடிச்சா வயித்த வலிக்கும்

மதுரைப் பொண்ணு:
எட்டாம் வகுப்பு, மகளிர் பள்ளி. புங்கமரத்தடியில ஆறு பேர் வட்டமா உக்காந்து டிபன் பாக்ஸ் மாத்தித் தின்போம். ஒரு திங்கக்கிழமை போறேன், வட்டத்துல இடமில்ல. யாரும் நகரல. "உன்கூடக் காய்"னு சொல்லியிருந்தாக்கூட ரெண்டு நாள்ல பழம் விட்டிருக்கலாம். அதுவும் சொல்லல. நான் பேசினா, "ஏய், ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?"னு அவளுகளுக்குள்ள கேட்டுக்குவாளுக. என்ன தப்பு பண்ணேன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. மிச்ச வருஷம் முழுக்க சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னாடிதான் சாப்பாடு. பாதி நாள் தயிர்சாதம் நாய்க்கு. காலி டப்பாவைப் பார்த்து அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். பசங்க அடிச்சுக்கிட்டா சட்டை கிழியும், வாத்தியார் கண்ணுல படும். எனக்கு ஒரு கீறல்கூட இல்ல, எதைக் காட்டி அழ?

தாமிரபரணி:
கிழிஞ்ச சட்டையும் எங்க கண்ணுல படறதில்லம்மா. நெல்லைப் பக்கம் 16 வருஷமா வாத்தியார் நான். இங்க கையில கட்டுற கயித்து நிறத்தை வச்சே சாதி சொல்லிருவானுவ. புதுப் பையன்கிட்ட முதல் கேள்வியே "எந்தத் தெருல?"தான். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருத்தன் மத்தியானமானா வயித்து வலின்னு லீவு கேப்பான். நானும் கையெழுத்துப் போட்டுக்கிட்டே இருந்தேன். சத்துணவு வரிசையில அவன் தட்டை எத்திவிடுதானுவன்னு சமையலக்கா சொல்லித்தான் தெரிஞ்சது.

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் என்ன நடந்துச்சு? பள்ளிக்கூடம் வராம இருந்த பிளஸ் டூ பையன், சாதி சொல்லிச் சீண்டுறதாலதான் வரலன்னு பள்ளிக்கூடத்துல சொன்னான். ராத்திரி வீடு தேடி வந்து வெட்டினானுவ, கூடப் படிக்கிறவனுவளே. தடுத்த தங்கச்சிக்கும் வெட்டு. அப்புறம் இதை ஆராய அரசு அமைச்ச குழுவுக்காக ஓய்வுபெற்ற நீதியரசர் சந்துரு 2024-ல் கொடுத்த அறிக்கையில கயித்தைத் தடை செய்யச் சொன்னார். எத்தனையோ கையில நானே அவுத்திருக்கேன். மறுநாள் அதே நிறத்துல கைக்குட்டையோட வந்து நிப்பான்.

திருச்சி அம்மா:
என் பையன் ஏழாவது. ஒரு மாசமா இதே வயித்து வலி சார். ஸ்கேன் எடுத்தாச்சு, ஒண்ணுமில்லங்கறாங்க. படிச்சதும் கை நடுங்குது.

தாமிரபரணி:
பதறாதீங்கம்மா. "ஸ்கூல்ல என்ன பிரச்சினை?"ன்னு கேட்டா "ஒண்ணுமில்ல"ன்னுதான் வரும். "இன்னிக்கு யார்கூட உக்காந்து சாப்பிட்ட?"ன்னு கேட்டுப் பாருங்க. பள்ளியில காது கொடுக்கலைன்னா கல்வித்துறை உதவி எண் 14417, இல்லாட்டி குழந்தைகள் உதவி எண் 1098.

பழைய பாவி:
நான் எதிர்ப்பக்கம். பத்தாவதுல ஒருத்தனுக்குப் பட்டப்பேர் வச்சது நான்தான். இங்க எழுதக் கை வரல. அவன் டப்பாவைத் திறந்தா மூக்கைப் பொத்திக்கிட்டு அந்தப் பேரைக் கத்துவேன், வகுப்பே சிரிக்கும். எங்கப்பா என்னை அடிச்ச நாள்ல இன்னும் ஜாஸ்தி கத்துவேன். போன தை மாசம் ஒரு கல்யாணப் பந்தியில எதிர் இலையில அவன். மன்னிப்புக் கேக்கணும்னு எந்திரிச்சேன். கூப்பிட வாயெடுத்தா பட்டப்பேர்தான் வருது, நிஜப் பேர் ஞாபகத்துல இல்ல. அப்படியே நின்னேன். "யாருப்பா அது?"னு அவன் மக கேட்டுச்சு. "அப்பாகூடப் படிச்சவரும்மா"ன்னுட்டு, பாதி இலையில பாயசத்தை விட்டுட்டுக் கைகழுவப் போயிட்டான்.